முதன்முதலாக அடை வைப்போம்: 21 நாள் பாடம்



லயத்துப் பக்கம் நடந்தால் நாலு காம்பராவுக்கு ஒரு வீட்டிலாவது கோழி இருக்கும். முட்டை இட்டால் பிள்ளைகளுக்கு ஆகும். அவசரத்துக்குக் கைச்செலவுக்கு இல்லையென்றால் ஒரு சேவலைக் கொடுத்துக் காசாக்கலாம். சம்பளக் காசு வந்த அன்றே கடன்காரருக்கும் கடைக்கும் போய்விடுகிறது. கோழிக் காசுதான் பல வீடுகளில் அம்மாமார் கையில் நிற்கிற காசு. ஆகவே கோழியைப் பெருக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு.

ஆனால் முதன்முதலாக அடை வைக்கிற வீடுகளில் என்ன நடக்கிறது? பத்து முட்டை வைத்தால் இரண்டு குஞ்சு, மூன்று குஞ்சு. மிச்சமெல்லாம் கூழ்முட்டை. "நம்ம கைராசி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த முறை யாரும் முயற்சி செய்வதில்லை.

நட்டம் பத்து முட்டையோடு நிற்பதும் இல்லை. அந்தப் பத்து முட்டையும் பிள்ளைகள் சாப்பிட்டிருக்கலாம். அடையில் உட்கார்ந்த கோழி மூன்று வாரம் முட்டை இடாது. பொரித்த இரண்டு குஞ்சை இழுத்துக்கொண்டு திரிகிற காலத்திலும் இடாது. ஒரு அடை பிழைத்தால் இரண்டு மூன்று மாத முட்டை போனது போலத்தான்.

இதில் கைராசி ஒன்றும் இல்லை. குஞ்சு பொரிக்கிற வேலை கோழியினுடையது. அது அந்த வேலையை நம்மைவிட நன்றாக அறியும். நமக்கு உள்ள வேலை மூன்றுதான்: நல்ல முட்டையைத் தெரிவது, நல்ல நாளைத் தெரிவது, நல்ல இடத்தைக் கொடுப்பது. இந்த மூன்றையும் கோழி உட்காரும் முன்பே செய்து முடிக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழக வேண்டும். இந்தப் பாடம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

முட்டைக்குள் நடப்பது என்ன?

சேவலோடு சேர்ந்த கோழி இடுகிற முட்டையில், மஞ்சள் கருவின் மேல் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இருக்கும். குஞ்சு அந்தப் புள்ளியில் இருந்துதான் உண்டாகிறது. முட்டை வெளியே வந்து ஆறியதும் அந்தப் புள்ளி தூங்கிப் போகும். ஏறக்குறைய 21 பாகை செல்சியசுக்குக் கீழே அது வளராது. கோழி உட்கார்ந்து சூடு கொடுத்ததும் விழித்து வளரத் தொடங்கும். மூன்றாம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். ஏழாம் நாளில் இரத்த நரம்புகள் சிலந்தி வலை போலப் பரவியிருக்கும். 18ஆம் நாளில் குஞ்சு முட்டையை நிறைத்துவிடும். 21ஆம் நாளில் வெளியே வரும்.

இதற்கு வேண்டிய சூடு 37.5 பாகை அளவு. நம் உடம்புச் சூட்டைவிடச் சற்றுத்தான் கூட. நீண்ட நேரம் இரண்டு பாகை கூடினாலும் குஞ்சு செத்துப்போகும். மிகவும் குறைந்தாலும் வளர்ச்சி நின்றுபோகும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. குஞ்சு அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

பறவைக்குப் பறவை நாள் கணக்கு மாறும். காடைக்கு 17 அல்லது 18 நாள். கோழிக்கு 21. சாதாரண வாத்துக்கும் வான்கோழிக்கும் 28. மஸ்கோவி வாத்துக்கு 35. அவுஸ்திரேலியாவில் ஈமு என்று ஒரு பெரிய பறவை இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய எட்டு வாரம். அதில் அடைகாப்பது ஆண் பறவை. அத்தனை நாளும் பெரும்பாலும் தின்னாமல் குடிக்காமல் கரும்பச்சை முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். நம் கோழி அப்படி இல்லை. அதற்குத் தினமும் தீனும் தண்ணீரும் வேண்டும். இதை மறக்கக் கூடாது.

ஒரே கூட்டில் கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் கலந்து வைக்க வேண்டாம். கோழிக் குஞ்சு வந்ததும் தாய் எழும்பிப் போய்விடும். வாத்து முட்டை பாதியில் நின்றுபோகும்.

மெஷினா, கோழியா?

"டவுனில் சின்ன இன்கியூபேட்டர் விற்கிறார்களே, அதை வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். மெஷின் கெட்டது அல்ல. அதிக முட்டை வைக்கிறவர்களுக்கு அது தேவை. ஆனால் முதன்முறை செய்கிற ஒரு தோட்டக் குடும்பத்துக்கு அடைக்கோழிதான் நல்லது. ஏன் என்று பாருங்கள்.

மெஷினுக்கு இரவு பகல் கரண்ட் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நம் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மழைக் காலத்தில் மரம் விழுந்தாலும் லைன் போய்விடும். முட்டையைத் தானாகத் திருப்பாத மெஷின் என்றால் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது கையால் திருப்ப வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற வீட்டில் பகலில் யார் திருப்புவது? மெஷினில் தண்ணீர் வற்றினாலும் சூடு ஏறினாலும் பார்க்க ஆள் இல்லை.

அடைக்கோழிக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. அதுவே சூடு கொடுக்கும், அதுவே அலகால் முட்டையைத் திருப்பும். ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடு முட்டையை ஓரத்துக்கும் மாற்றும். நாம் மலையில் நிற்கும் நேரத்திலும் அதன் வேலை நடக்கும். குஞ்சு வந்த பிறகும் குளிருக்கு இறகுக்குள் வைத்துக் காப்பது அதுதான்.

மண்ணெண்ணெய் விளக்கையோ பல்பையோ பெட்டிக்குள் வைத்துத் தாமாகவே மெஷின் செய்யப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருக்கிறோம். ஒரு காம்பராவில் பிடிக்கிற தீ அந்தக் காம்பராவோடு நிற்காது. அட்டைப் பெட்டியும் காய்ந்த புல்லும் விளக்கும் சேர்ந்த ஒன்றை வீட்டுக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போகவே கூடாது. பத்துக் குஞ்சுக்காகப் பத்துக் குடும்பத்தின் சாமான்களையும் உயிரையும் பணயம் வைக்க முடியாது.

முட்டை தெரிவு

கடையில் வாங்குகிற பண்ணை முட்டையை அடை வைக்காதீர்கள். முட்டைக்காகவே கோழி வளர்க்கும் பண்ணைகளில் சேவல் இருப்பதில்லை. அந்த முட்டை எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பொரிக்காது. ஓடு மண்ணிறமாக இருந்தால் நாட்டு முட்டை என்று நினைப்பதும் தவறு. நிறத்துக்கும் பொரிப்புக்கும் சம்பந்தம் இல்லை.

சேவலோடு திரிகிற கோழியின் முட்டை வேண்டும். எட்டு, பத்துக் கோழிக்கு நல்ல சேவல் ஒன்று போதும். வீட்டில் சேவல் இல்லையென்றால், சேவல் உள்ள வீட்டில் இருந்து முட்டையை மாற்றிக்கொள்ளலாம். ஒரே தாய் வயிற்றுச் சேவலும் பெட்டையும் வருடக் கணக்கில் கூடிக்கொண்டிருந்தால் குஞ்சுகள் வலுக் குறைந்து வரும். ஆகவே இடைக்கிடை அடுத்த டிவிசனில் இருந்து முட்டையோ சேவலோ மாற்றிக்கொள்வது நல்லது.

தெரியும் போது இவற்றைப் பாருங்கள்:

1. நடுத்தர அளவு. மிகச் சிறியதும் வேண்டாம், இரட்டைக் கரு உள்ள பெரியதும் வேண்டாம்.
2. ஓடு வழவழப்பாக இருக்க வேண்டும். மெல்லிய ஓடு, கரடுமுரடான ஓடு, மயிரிழை அளவு வெடித்த ஓடு ஆகாது.
3. சுத்தமான முட்டை. எச்சம் ஒட்டிய முட்டையைச் சமையலுக்கு ஒதுக்குங்கள்.
4. கழுவ வேண்டாம். இடும்போதே முட்டையின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கிருமி உள்ளே போகாமல் அதுதான் தடுக்கிறது. கழுவினால் அது போய்விடும். லேசான அழுக்கென்றால் உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

முதல் முதலாக முட்டை இடத் தொடங்கிய இளங்கோழியின் முட்டைகள் சிறியவை. அவற்றைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள். அடைக்கு வேண்டாம்.

சேர்த்து வைப்பது எப்படி?

ஒரு நாளில் பத்து முட்டை கிடைக்காது. சேர்த்துத்தான் வைக்க வேண்டும். முதன்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் பிழை விடுவது இங்கேதான்.

முட்டை தூங்கியபடியே இருக்க வேண்டும். அதற்கு 13 முதல் 18 பாகை வரை குளிர் நல்லது. நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. நம் காம்பராவின் ஒரு குளிர்ந்த மூலையே நல்ல முட்டைக் களஞ்சியம். அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். சூடு ஏறி இறங்கினால் கரு விழித்து விழித்துச் செத்துப்போகும். இங்கே ஒரு வாரம் வரை தைரியமாகச் சேர்த்து வைக்கலாம்.

இரத்தினபுரி, கேகாலை, காலி பக்கத்துத் தாழ்நிலத் தோட்டங்களில் கதை வேறு. அங்கே வீட்டுக்குள்ளேயே 27, 28 பாகை இருக்கும். அந்தச் சூட்டில் கரு முழுதாகத் தூங்காது, ஒழுங்காக வளரவும் செய்யாது. மூன்று நாலு நாளுக்குள் அடை வைத்துவிட வேண்டும். போதிய முட்டை ஒரு வீட்டில் கிடைக்காவிட்டால் இரண்டு வீட்டார் சேர்ந்து வைத்துக் குஞ்சைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

எங்கே இருந்தாலும் பிரிட்ஜில் வைத்த முட்டை வேண்டாம். அந்தக் குளிர் அதிகம்.

கூரான முனை கீழே இருக்கும்படி, உமியிலோ அரிசியிலோ முட்டைத் தட்டிலோ நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட திகதியைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வேண்டாம்.

அடைக்கோழியை அறிவது

எல்லாக் கோழியும் அடைகாக்காது. முட்டைக்கென்று வளர்த்தெடுத்த பண்ணை இனங்களில் அந்தக் குணத்தையே மனிதர் குறைத்துவிட்டார்கள். நாட்டுக்கோழிக்குத்தான் அது நிறைய உண்டு.

கோழி முட்டை இட்ட பிறகும் கூட்டைவிட்டு இறங்காது. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்து உறுமும். "கொக்... கொக்..." என்று கனத்த குரலில் சத்தமிடும். மார்பு இறகு உதிர்ந்து தோல் தெரியும். தொட்டால் சூடாக இருக்கும். இரவிலும் கூட்டிலேயே படுத்திருக்கும். இவை இருந்தால் அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

உடனே நல்ல முட்டையை வைத்துவிட வேண்டாம். இரண்டு மூன்று நாள் சமையல் முட்டை இரண்டை வைத்துச் சோதியுங்கள். பகலும் இரவும் அசையாமல் இருந்தால் அந்தக் கோழி நம்பத்தக்கது. முன்பு ஒரு தடவை குஞ்சு எடுத்த கோழி என்றால் இன்னும் நல்லது.

அடை வைக்கும் முன் செள்ளும் பேனும் இருக்கிறதா என்று சிறகுக்கு அடியிலும் வாலடியிலும் பாருங்கள். செள் தொல்லை இருந்தால் கோழி பாதியில் எழும்பி ஓடிவிடும். அடுப்பில் மிலாறு எரித்த சாம்பல் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. நன்றாக ஆறிய சாம்பலை உலர்ந்த மண்ணோடு கலந்து ஒரு மூலையில் போட்டுவிட்டால் கோழி அதில் புரண்டு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

கூடும் இடமும்

பழைய கொழுந்துக் கூடையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டினால் அருமையான அடைக்கூடு. பலகைப் பெட்டியும் நல்லது. ஒன்றேகால் அடி அகலம் போதும். அடியில் சாக்குத் துண்டு போட்டு, ஒரு பிடி சாம்பல் தூவி, அதன் மேல் காய்ந்த புல்லைக் கிண்ணம் போலப் பரப்புங்கள். நடு மிகவும் குழிவாக இருந்தால் முட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். தட்டையாக இருந்தால் உருண்டு ஓடும். ஈரப் புல் கூடாது. பூஞ்சணம் பிடிக்கும்.

மேட்டுத் தோட்டங்களில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைகிற அளவுக்குக் குளிர் இருக்கும். சீமெந்துத் தரை அந்தக் குளிரை அப்படியே கூட்டுக்குள் ஏற்றும். ஆகவே கூட்டை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். காற்று அடிக்காத, மழை ஒழுகாத, வெளிச்சம் குறைந்த, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டும். மற்றக் கோழிகள் வந்து அதிலேயே முட்டை இடாதபடி மறைப்பு இருக்க வேண்டும்.

எலி முட்டையை உருட்டிக்கொண்டு போகும், குஞ்சையும் கடிக்கும். கீரியும் மரநாயும் கோழியையே தூக்கும். இரவில் கம்பி வலை போட்ட கதவை மூடி வைப்பது அவசியம். சின்னப் பிள்ளைகள் படுக்கிற அறைக்குள் கூட்டை வைக்க வேண்டாம். இஸ்தோப்பு மூலையிலோ வெளிக் கூட்டிலோ வையுங்கள். புதிதாகக் கூடு கட்டுவதானால் இடத்தைப் பற்றித் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பிரச்சினை வராது.

எத்தனை முட்டை? கோழியின் சிறகுக்குள் முழுதாக மறைகிற அளவு. நாட்டுக்கோழிக்கு 10, பெரிய கோழிக்கு 12. குளிர் மாதத்தில் 8 போதும். "கூட வைத்தால் கூடக் கிடைக்கும்" என்று 15 வைத்தால், வெளியே தெரிகிற முட்டை ஒன்று குளிரும். கோழி அதை உள்ளே தள்ளி வேறொன்றை வெளியே விடும். கடைசியில் முறை வைத்து எல்லாம் குளிர்ந்துபோகும்.

சனிக்கிழமைக் கணக்கு

21 நாள் என்பது சரியாக மூன்று வாரம். வைத்த கிழமையில்தான் பொரிக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல வசதி.

சனிக்கிழமை இரவு அடை வையுங்கள். இருட்டில் வைத்தால் கோழி கலவரப்படாது. எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். இன்று நாலு, நாளை மூன்று என்று வைத்தால் குஞ்சும் ஒவ்வொரு நாளாக வரும். முதல் குஞ்சோடு தாய் இறங்கிப் போய்விடும்.

இனி கலண்டரில் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்:

முதல் சனி இரவு: அடை வைத்தல்.
இரண்டாம் சனி இரவு, 7ஆம் நாள்: லைட் பிடித்துப் பார்த்தல்.
மூன்றாம் சனி இரவு, 14ஆம் நாள்: இரண்டாம் முறை பார்த்தல்.
அதற்கு அடுத்த புதன், 18ஆம் நாள்: இதற்குப் பிறகு முட்டையைத் தொடக் கூடாது.
நாலாம் சனி, 21ஆம் நாள்: பொரிக்கும் நாள்.

பொரிக்கிற சனி, ஞாயிறில் வீட்டில் ஒருவராவது இருப்போம். காகம், பூனை வராமல் பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை, அவர்களும் பார்த்துப் படிப்பார்கள்.

தினசரி வேலை

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் கோழியை ஒரு தடவை இறக்கிவிடுங்கள். அதுவாக இறங்காவிட்டால் இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்குங்கள். சிறகுக்குள் முட்டை மாட்டியிருக்கும், கவனம். சோளமோ நெல்லோ ஒரு பிடி, சுத்தமான தண்ணீர். தின்று, குடித்து, எச்சமிட்டு, சாம்பலில் புரண்டு 15, 20 நிமிடத்தில் தானாகத் திரும்பும். அந்த நேரத்தில் முட்டை ஆறுவதால் கெடுதல் இல்லை. ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேலே போகவிடாதீர்கள். குளிர் காற்று அடிக்கிற நாளில் இன்னும் சீக்கிரம் திரும்ப வேண்டும்.

கூட்டில் எச்சம் விழுந்தாலோ முட்டை உடைந்தாலோ அந்தப் புல்லை உடனே மாற்றுங்கள். பென்சில் குறி இல்லாத முட்டை இருந்தால் அது வேறு கோழி இட்டது. எடுத்துவிடுங்கள்.

லைட் பிடித்துப் பார்ப்பது

ஏழாம் நாள் இரவு இருட்டில், டோர்ச் லைட்டின் முகத்தை அட்டையால் மூடி நடுவில் ஒரு ரூபாக் காசைவிடச் சிறிய துளை போடுங்கள். முட்டையின் அகன்ற முனையைத் துளையோடு ஒட்டிப் பிடியுங்கள்.

சிலந்தி போல நடுவில் ஒரு கரும்புள்ளியும் சுற்றிச் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் குஞ்சு வளர்கிறது. ஒன்றும் இல்லாமல் தெளிவாக மஞ்சளாகத் தெரிந்தால் சேவல் படாத முட்டை. நரம்பு இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. பின் இரண்டையும் எடுத்துப் புதைத்துவிடுங்கள். அவற்றைச் சமைக்க வேண்டாம். கூட்டில் விட்டால் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

14ஆம் நாள் பார்த்தால் முட்டையின் பெரும்பகுதி இருட்டாகவும், அகன்ற முனையில் காற்றறை முன்பைவிடப் பெரிதாகவும் தெரியும். சந்தேகமான முட்டையை எடுக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். ஒரு முட்டைக்கு அரை நிமிடத்துக்கு மேலே எடுக்காதீர்கள். ஆசைக்கு ஒவ்வொரு இரவும் எடுத்துப் பார்க்கவும் கூடாது.

கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய நாட்கள்

18ஆம் நாள் முதல் குஞ்சு தலையை அகன்ற முனைப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். பிறகு காற்றறையைக் கொத்தி முதல் மூச்சை அங்கே எடுக்கும். காது வைத்துக் கேட்டால் "கீச்" என்று மெல்லிய சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் ஓட்டில் ஒரு சிறு வெடிப்புத் தெரியும்.

இந்த இடத்தில்தான் நமக்குப் பொறுமை போகிறது. காலையில் வெடித்த முட்டையில் இருந்து மாலை வரை குஞ்சு வராவிட்டால், "ஐயோ, மாட்டிக்கிச்சு" என்று ஓட்டை உரிக்கப் பார்க்கிறோம். உரிக்காதீர்கள். வெடிப்பு விழுந்த பிறகு 12 முதல் 24 மணித்தியாலம் வரை எடுப்பது வழக்கமானதுதான். குஞ்சு அப்போது சும்மா இருக்கவில்லை. ஓட்டின் உள்தோலில் உள்ள இரத்தத்தைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. மிச்ச மஞ்சள் கருவைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது. அது முடியுமுன் ஓட்டை உரித்தால் நரம்பு அறுந்து இரத்தம் ஓடிச் சாகும். நாம் உதவி என்று நினைத்துச் செய்வது கொலையாகிவிடும்.

இந்த நாட்களில் தாயைக் கட்டாயப்படுத்தி இறக்க வேண்டாம். தீனையும் தண்ணீரையும் கூட்டுக்குக் கிட்டவே வையுங்கள். அது விரும்பினால் எட்டித் தின்னும்.

வந்த குஞ்சுக்கு உடனே தீன் கொடுக்க ஓட வேண்டாம். வயிற்றுக்குள் எடுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்குப் போதும். தாயின் அடியில் உலரட்டும். 23ஆம் நாளும் பொரிக்காத முட்டைகளை எடுத்துப் புதைத்துவிடுங்கள். பத்துக்கு ஏழு எட்டு பொரித்தால் நல்ல கணக்கு. பத்துக்குப் பத்து எதிர்பார்த்து மனம் சோர வேண்டாம்.

குஞ்சு வந்த பின்

முதல் வாரம் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகைச் சூடு வேண்டும். தாயின் இறகுக்கு அடியில் அது கிடைக்கும். மழையிலும் நனைந்த புல்லிலும் விடாதீர்கள். நனைந்த குஞ்சு குளிரில் சீக்கிரம் செத்துப்போகும். முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சையும் ஒரு பெரிய கூடைக்குள் மூடி வைத்து, வெயில் ஏறிய பிறகு சற்று நேரம் திறந்துவிடுங்கள். "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா" என்பது பழமொழி. உண்மையில் நெருக்கமான இடத்தில் கனத்த கோழி மிதித்துக் குஞ்சு சாவதும் உண்டு. ஆகவே கூடை பெரிதாக இருக்கட்டும்.

தண்ணீரைத் தட்டையான மூடியில் வைத்து உள்ளே கூழாங்கல் போடுங்கள். ஆழமான சிரட்டையில் குஞ்சு விழுந்து சாகும். அரிசிக் குருணல் மட்டும் போதாது. வளர்வதற்குப் புரதம் வேண்டும். முதல் மாதமாவது குஞ்சுத் தீன் வாங்கிக் கலந்து கொடுத்தால் செலவு வீண் போகாது. மருந்து அடித்த மலைக்குள் தாயையும் குஞ்சையும் மேயவிட வேண்டாம்.

ராணிக்கெட் நோய் வந்தால் ஒரே வாரத்தில் லயத்துக் கோழி முழுவதும் போய்விடும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் எந்த வயதில் கொடுப்பது என்று கேளுங்கள். ஒரு வீட்டார் தனியாகப் போவதைவிட லயத்தார் சேர்ந்து கேட்பது நல்லது.

கோழியை, குஞ்சை, முட்டையைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைகள் குஞ்சை முத்தமிடுவதைத் தடுங்கள். வயிற்றோட்டம் கொடுக்கும் கிருமி கோழியின் எச்சத்தில் இருக்கலாம்.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

"இடி இடிச்சா முட்டை கெட்டுப் போகுமாமே?"
இடிச் சத்தத்தால் முட்டை கெடாது. இடியோடு வருகிற மழை ஒழுகிக் கூடு நனைந்தால் கெடும். கூட்டில் இரும்பாணியும் கரித்துண்டும் போடுவது நம் பழக்கம். போட்டால் தீங்கு இல்லை. ஆனால் ஆணி போட்டுவிட்டுக் கூரையைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

"உருண்டை முட்டை பெட்டை, நீள முட்டை சேவல் என்கிறாங்களே?"
முட்டையின் வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஏறக்குறைய பாதி சேவல், பாதி பெட்டை என்றுதான் கணக்குப் போட வேண்டும்.

"மாதவிலக்கு நாளில் பொம்பிளைங்க கூட்டுக்கிட்டப் போகலாமா?"
தாராளமாகப் போகலாம். அதற்கும் முட்டைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த நாளில் யாரும் போகாமல் கோழி பட்டினி கிடந்தால்தான் முட்டை கெடும்.

"கோழி பாதியில் எழும்பிட்டா என்ன செய்ய?"
முட்டை முழுதாகக் குளிரும் முன் வேறு அடைக்கோழி கிடைத்தால் அதன் அடியில் வையுங்கள். அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். ஆகவே அடை வைக்கும் நாளிலேயே லயத்தில் வேறு எந்தக் கோழி அடையில் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படித்ததைச் சரிபார்ப்போம்

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளைக் கொடுத்து விடை கேளுங்கள்.

1. கடை முட்டை ஏன் பொரிப்பதில்லை?
2. மேட்டுத் தோட்டத்தில் ஒரு வாரம் வைக்கக்கூடிய முட்டையைத் தாழ்நிலத் தோட்டத்தில் ஏன் மூன்று நாலு நாளுக்குள் வைக்க வேண்டும்?
3. இந்த மாதம் 10ஆம் திகதி அடை வைத்தால் எந்தத் திகதியில் டோர்ச் பிடித்துப் பார்க்க வேண்டும்? எந்தத் திகதியில் தொடாமல் விட வேண்டும்? எந்தத் திகதியில் பொரிக்கும்?
4. வெடித்த முட்டையின் ஓட்டை நாம் உரிக்கக் கூடாது. ஏன்?

நாலாவது கேள்விக்குப் பிள்ளை சரியான விடை சொன்னால், பொரிக்கிற சனிக்கிழமையில் கூட்டுக்குக் காவலாக அந்தப் பிள்ளையையே வையுங்கள். காகத்தை விரட்டட்டும், முட்டையைத் தொட வருகிற பெரியவர்களையும் தடுக்கட்டும்.